ஓவியம் போல ஒரு கல்யாணம்: வாசகர் கேள்விகள்

இந்தப் பகுதியில் பதில் எழுதுபவர் நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதிப் பழகியவர். இப்போது திருமண மேடைகளுக்கு வண்ணத் திட்டம் போட்டுத் தருகிறார். ஓவியத்தை மனதில் வைத்துத் திருமணம் நடத்த நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.

அக்கா, எனக்குப் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் காகித வெட்டு ஓவியங்கள் என்றால் உயிர். என் கல்யாண மேடை அப்படி இருக்க வேண்டும் என்று அலங்காரக்காரரிடம் சொன்னேன். "கவலையே வேண்டாம், அந்தப் படத்தையே இருபதடி ஃபிளெக்ஸில் அடித்துப் பின்னால் கட்டிவிடுகிறேன்" என்கிறார். ஏதோ இடிக்கிறது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.
— கல்யாணப் பெண்

இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடிக்கிறது. ஊதிப் பெருக்கிய படத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் நின்றால், யாரோ ஒருவருடைய கண்காட்சிக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஓவியம் தனக்குள்ளேயே முடிந்துபோன ஒன்று. அதன் முன்னால் இரண்டு பேர் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்து யாரும் வரைவதில்லை. போதாக்குறைக்கு ஃபிளெக்ஸ் பளபளக்கும். ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், பெரும்பாலும் மாப்பிள்ளை தலைக்கு மேலேயே.

படத்தை விட்டுவிட்டு, அவர் வேலை செய்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் ஆன்றி மத்தீஸுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நின்று வரைவது அவருக்குச் சிரமம். உதவியாளர்கள் காகிதத்தில் குவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணத்தைப் பூசிக் கொடுப்பார்கள். அவர் கத்தரிக்கோலால் வெட்டுவார். வெட்டிய துண்டுகளை அவர் சொல்லச் சொல்ல, சுவரில் ஊசி குத்தி வைப்பார்கள். பிடிக்காவிட்டால் கழற்றி வேறு இடத்தில் வைப்பார்கள். உங்கள் மேடைக்கு வேண்டியது இதுதான்: மினுக்கம் இல்லாத தட்டையான வண்ணம், கத்தரி போன போக்கில் வளைந்த விளிம்பு, கடைசி வரைக்கும் நகர்த்திப் பார்க்கிற வசதி.

அலங்காரக்காரரிடம் இப்படிக் கேளுங்கள். தடிமனான அட்டையிலோ ஃபோம் பலகையிலோ வடிவங்களை வெட்டட்டும், மேட் பெயின்டைக் கையாலேயே அடிக்கட்டும். தூரிகைத் தடம் தெரிந்தால் தெரியட்டும், அதுதான் அழகு. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டாமல், சிலவற்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் தொங்கவிட்டால் பின்னால் நிழல் விழும். ஃபிளெக்ஸில் எந்தக் காலத்திலும் வராத ஆழம் அந்த நிழலில் வந்துவிடும்.

இன்னொன்று, இதை அவர் ஒப்புக்கொள்ள நேரம் பிடிக்கும். வெள்ளையை விட்டுவைக்கச் சொல்லுங்கள். தெற்குப் பிரான்சில் வான்ஸ் என்ற ஊரில் மத்தீஸ் வடிவமைத்த தேவாலயம் ஒன்று இருக்கிறது, 1951-இல் முடிந்தது. உள்ளே சுவரெல்லாம் வெள்ளை ஓடு, அதில் கறுப்புக் கோட்டோவியம், அவ்வளவுதான். வண்ணம் ஜன்னல் கண்ணாடியில் மட்டும்: மஞ்சள், பச்சை, நீலம். வெயில் வரும்போது அந்த மூன்றும் வெள்ளைத் தளத்தில் வந்து விழும். பார்த்தவர்கள் அதை வண்ணமயமான இடம் என்றுதான் சொல்வார்கள். வண்ணம் பூசிய பரப்பை அளந்து பார்த்தால் கொஞ்சம்தான்.

அதனால் உங்கள் இருவர் தலைக்கும் தோளுக்கும் பின்னால் வெறும் வெள்ளையோ வெளிர் நிறமோ இருக்கட்டும். வடிவங்கள் சுற்றி வரட்டும். உடுத்தப்போகும் நிறம் எதுவோ, அது நேர் பின்னால் வரவே கூடாது. வந்தால் போட்டோவில் முகம் மட்டும் தனியாக மிதக்கும்.

எத்தனை நிறம் வைத்துக்கொள்ளலாம்? ஏழு நிறம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம்.
— ஒரு ஜோடி

ஏழும் இருக்கட்டும். ஏழுக்கும் சம பங்கு கொடுக்காதீர்கள், அதுதான் விஷயம். உள் அலங்காரத்தில் இருப்பவர்கள் 60-30-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பெரும்பகுதிக்கு ஒரு நிறம், அதில் பாதிக்கு இன்னொன்று, மிச்சத்துக்கு எடுப்பான ஒன்று. உங்கள் மீதி நான்கு நிறமும் அந்தப் பத்துக்குள் அடங்க வேண்டும்: ரிப்பன், பெயர் அட்டை, மேஜையில் ஒற்றைப் பூ என்று. விருந்தினர் உடைக்கும் நிறம் குறித்துக் கொடுக்கலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வருகிறவர்களை அலங்காரச் சாமான் ஆக்கக் கூடாது.

வணக்கம் அம்மா. தங்கை கல்யாணம். பூவுக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர், போட்டோவுக்கு ஒருவர், மேக்கப்புக்கு ஒருவர் என்று பேசி வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் தங்கைக்குப் பிடித்த ஓவியத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லாரும் "சூப்பர் சார், பண்ணிடலாம்" என்று பதில் போட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.
— கல்யாணப் பெண்ணின் அண்ணன்

தம்பி, நீங்கள் பயந்தது நல்லது. ஆளுக்கு ஒரு போனில் அந்தப் படம் ஆளுக்கு ஒரு நிறமாகத் தெரிந்திருக்கும். அதை வைத்து அவரவர் ஒரு கல்யாணத்தை மனதில் கட்டியிருப்பார்கள். எல்லாம் மண்டபத்தில் ஒரே நாளில் சந்திக்கும்போதுதான் வினை.

பழைய கதை ஒன்று உண்டு. பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் செவ்ரல், வேதியியல் அறிஞர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஆராய்ந்து 1839-இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். உங்கள் பூக்காரர் கொண்டுவரும் ஆரஞ்சும் அப்படித்தான். அது நல்ல ஆரஞ்சா என்பதை மேடைக்காரர் பின்னால் கட்டும் துணிதான் முடிவு செய்யும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய ஆள் விளக்குக்காரர். எல்லாரும் அவரைக் கடைசியில் கூப்பிடுகிறார்கள், அதுவும் "மண்டபத்தில் லைட் இருக்கே, கூட நாலு கலர் லைட் போதும்" என்று சொல்லி. நான் அவரைத்தான் முதலில் உட்காரவைத்துப் பேசுவேன். சிவப்பு ரோஜா மேல் நீல வெளிச்சத்தைப் போடுங்கள், ரோஜா கறுப்பாகிவிடும். சிவப்பு இதழ் சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். நீல விளக்கில் அது இல்லை, பின் எதைத் திருப்பி அனுப்பும்? கட்டுக்கட்டாகப் பூ வாங்கி அடுக்கிவிட்டு, வரவேற்பு தொடங்கும்போது நீல விளக்கைப் போட்டு அத்தனையையும் கரித்துண்டாக்கிய மேடையைப் பார்த்திருக்கிறேன். பூக்காரரைத்தான் எல்லாரும் திட்டினார்கள். அவர் பாவம், சாமானை ஏற்றிக்கொண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

விளக்குக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். முகத்தில் விழும் வெள்ளை வெளிச்சம் எதிலிருந்து வருகிறது? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை காட்டும் எல்இடி பார் விளக்கு என்றால் வேண்டாம், அதில் முகத்தின் நிறம் செத்துவிடும். முகத்துக்குத் தனியாக வெள்ளை எல்இடி வேண்டும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ என்ற அளவு 90-க்கு மேல் இருக்க வேண்டும். அதன் உச்சம் 100. அடுத்த கேள்வி: எத்தனை கெல்வின்? 3000 பக்கம் என்றால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், 5500 பக்கம் என்றால் பகல் வெளிச்சம். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், மேடை முழுக்க ஒன்றாக இருந்தால் சரி. பாதி இது, பாதி அது என்றால் போட்டோகிராபரால் நிறத்தைச் சரிசெய்யவே முடியாது: மணமகள் ஆரஞ்சு, பக்கத்தில் இருக்கும் மாமியார் நீலம். கலர் வெளிச்சம் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், ஆனால் சுவரிலும் திரையிலும்தான். முகத்தில் வேண்டாம்.

வெளியில் பந்தல் என்றால் கூரைத்துணியின் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் பச்சைத் துணிக்குக் கீழே நின்றால் எல்லாருக்கும் உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும். சிவப்புக் கம்பளம் வெயிலில் கிடந்தால் அதன் சாயல் வெள்ளை உடையின் கீழ்ப்பகுதியிலும் தாடைக்கு அடியிலும் ஏறும். மேலே வெள்ளைத் துணி கட்டிவிட்டு வண்ணத்தை ஓரங்களில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ஆளுக்கு ஒரு படம் அனுப்புவதை நிறுத்துங்கள். எல்லாரையும் ஒரு நாள், திருமணம் எந்த நேரத்தில் நடக்கிறதோ அதே நேரத்தில், மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள். மேடைத் துணியில் ஒரு முழம், தங்கை உடுத்தும் துணியில் ஒரு துண்டு, அழைப்பிதழ் காகிதம், மாதிரிக்கு நாலு பூ. ஒரு வெள்ளை அட்டையில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் குத்துங்கள். விளக்குக்காரர் தன் விளக்கில் ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் போடட்டும். கடை வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய இரண்டு துணி அங்கே வேறுவேறாகத் தெரியலாம். இரண்டுக்கும் சாயம் வேறு, வெளிச்சம் மாறினால் இரண்டும் ஒரே மாதிரி மாறாது. போட்டோகிராபர் அந்த அட்டையைத் தன் கேமராவில் எடுத்துக் காட்டட்டும். ஒரு மணி நேர வேலை. இதற்கு வர மாட்டேன் என்று சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். "படம் அனுப்புங்க மேடம், அதுவே போதும்" என்பவர்களோடுதான் கடைசி நாளில் சண்டை வருகிறது.

அந்த அட்டையை அப்படியே ஒருவர் கையில் கொடுங்கள். பிளானர் வைத்திருந்தால் அவர், இல்லையென்றால் மேடைக்காரர், அதுவும் இல்லையென்றால் குடும்பத்தில் கண் நன்றாக இருக்கிற ஒருவர். அது நீங்களாகவே இருக்கலாம், ஆனால் கல்யாணத்தன்று வாசலில் நின்று ஆட்களை வரவேற்கும் வேலை உங்களுக்கு இருந்தால் வேண்டாம். நிறம் பற்றிய கடைசி வார்த்தை அந்த ஒருவருடையதுதான் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். சித்தி வந்து "இன்னும் கொஞ்சம் பிங்க் வெச்சா எடுப்பா இருக்குமே" என்று மேடைக்காரரிடம் சொல்வார். சொல்லட்டும், மேடைக்காரர் அந்த ஒருவரிடம் அனுப்பிவிடுவார்.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. கேட்ட பூ கிடைக்காவிட்டால் பதிலுக்கு எது வைப்பது என்பதைப் பூக்காரர் முதலிலேயே எழுதித் தரட்டும். பூ மாறலாம், நிறம் மாறக் கூடாது. நீல ரோஜா என்று யாராவது காட்டினால் அது சாயம் ஏற்றியது, ஈரம் பட்டால் துணியில் ஒட்டும். நீலமே வேண்டும் என்றால் டெல்ஃபினியம், ஹைட்ரேஞ்சியா கேளுங்கள். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் இல்லாமல் சீக்கிரம் துவண்டுவிடும், அதனால் கட்டி வைக்காமல் ஜாடியில் வைக்கச் சொல்லுங்கள். லில்லி என்றால் மகரந்தக் காம்புகளைக் கிள்ளிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். அந்தத் தூள் உடையில் பட்டால் போகாது, கையால் தேய்த்தால் இன்னும் பரவும்.

அப்புறம் நேரம். மண்டபம் எத்தனை மணிக்குக் கையில் வரும், யார் முதலில் உள்ளே போவது? உயரத்தில் விளக்குக் கட்டுபவர், பிறகு துணி, பிறகு பலகை, கடைசியாகப் பூ. இது தலைகீழானால் பூவுக்கு மேல் ஏணி போட்டுத்தான் விளக்குக் கட்ட வேண்டியிருக்கும். மேக்கப்காரரை மறந்துவிடாதீர்கள். மேடை வெளிச்சம் எந்த வகை என்று அவருக்கும் சொல்லுங்கள், அதே வகை வெளிச்சத்தில் அவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொள்ளட்டும். டியூப்லைட்டில் பூசிய முகம் மேடையில் வேறு முகம்.

போனில் பார்த்தபோது அழைப்பிதழில் பளீரென்று மின்சார நீலமும் கிளிப்பச்சையும் இருந்தது. அச்சடித்து வந்ததைப் பார்த்தால் மங்கிப்போய் இருக்கிறது. அச்சகத்தார் ஏமாற்றிவிட்டாரா?
— மாப்பிள்ளை

பாவம், அவர் மேல் பழி போடாதீர்கள். போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மையைக் காகிதத்தில் பூசிக் காட்டுகிறது. பளீர் நீலம், பளீர் பச்சை, சில ஆரஞ்சு எல்லாம் அந்த நான்கு மையில் வரவே வராது. கோட்டிங் இல்லாத சொரசொரப்புக் காகிதம் பார்க்க அழகு, ஆனால் மையை உறிஞ்சி இன்னும் மங்கலாக்கும். அந்த ஒரு நிறம் வேண்டியே தீரும் என்றால் தனியாகக் கலந்த ஸ்பாட் கலரில் அடிக்கச் சொல்லுங்கள், பான்டோன் என்ற நிற அட்டவணையில் அந்த நிறத்துக்கு உள்ள எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். செலவு கூடும். மொத்தமாக அடிக்கும் முன் அதே காகிதத்தில் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, வாங்கி, வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓவியப் புத்தகத்தில் இருக்கும் நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள். வான்கோ 1888-இல் வரைந்த அவருடைய படுக்கையறையில் இன்று நாம் நீலமாகப் பார்க்கும் சுவர் முதலில் ஊதாவாக இருந்தது. சிவப்பு நிறமி மங்கிப்போய் நீலம் மட்டும் நின்றுவிட்டது. புத்தகத்தில் இருப்பதே மூல நிறம் இல்லை எனும்போது எதற்கு அவ்வளவு மல்லுக்கட்டு?

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் கட்டிக்கொள்ளப்போகிறவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வண்ணக் கல்யாணம் என்று நான் ஆசைப்படுவது அவருக்கு அநியாயமா?
— பெயர் வேண்டாம்

கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை, மகளே. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. மற்ற மக்களிடமும் இருக்கிறது, கொஞ்சம் குறைவாக. பெண்களுக்கு மிக அரிது. அவருக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும்.

பச்சை இலைக்கு நடுவே சிவப்புப் பூ என்பது மற்றவர்களுக்கு எடுப்பு. அவருக்கு எல்லாம் ஒரே பழுப்புக் குவியலாக இருக்கலாம். அதே பூவை வெள்ளைக்கு முன்னால் வையுங்கள், அல்லது சிவப்புக்குப் பதில் மஞ்சளை வையுங்கள். எளிய சோதனை ஒன்று: மாதிரி அட்டையைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வடிவங்கள் அப்போதும் தனித்தனியாகத் தெரிந்தால் அவருக்கும் தெரியும். எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால் ஒன்றை வெளுக்க வேண்டும், இன்னொன்றை அடர்த்தியாக்க வேண்டும். இதைச் செய்தால் போட்டோவும் நன்றாக வரும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மேடை துலக்கமாகத் தெரியும். மற்றபடி, அட்டை குத்தும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போய் "உங்களுக்கு எது முதலில் கண்ணில் படுகிறது?" என்று கேளுங்கள். அவர் பதில் அலங்காரக்காரரையே யோசிக்க வைக்கும்.

இப்போது இருக்கும் ஓவியர் ஒருவருடைய படத்தை அப்படியே பார்த்து மேடையில் வரையச் சொல்லலாமா?
— வாசகி

அனுமதி கேட்காமல் கூடாது. கேட்டால் பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சிலர் தாங்களே வந்து வரைந்து தரவும் கூடும், கூலி பேசிக்கொள்ளுங்கள். காலமானவர்களின் படைப்பு என்றால் பல நாடுகளில் அவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நீடிக்கும், சில நாடுகளில் 50 அல்லது 60.

வரவேற்பு நடக்கும்போதே ஓரமாக ஒருவர் நின்று மேடையை ஓவியமாக வரையும் ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. எங்கள் பட்ஜெட்டில் பூவைக் குறைத்தால் அதைச் செய்யலாம். செய்யலாமா?
— கல்யாணப் பெண்ணின் அம்மா

தாராளமாகச் செய்யலாம் அம்மா, பூ மறுநாள் குப்பைக்குப் போகும். ஆனால் ஓவியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் ஸ்டுடியோவில் வரைந்த படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூட்டத்துக்கு நடுவே வரைந்தவற்றைக் கேளுங்கள். பின்னால் நாலு பேர் நின்று "இது யாரு, மாமாவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது கை ஓட வேண்டும், அது தனித் திறமை.

அக்ரிலிக்கில் வரைபவர் என்றால் அன்றைக்கே காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் என்றால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள் ஆகும். ஈரப் படத்தை மண்டபத்திலிருந்து எப்படிக் கொண்டுபோவது என்பதை அவரிடமே கேளுங்கள். அனுபவம் உள்ளவர்கள் விருந்தினர் வருவதற்கு வெகு முன்பே வந்து மேடையையும் பின்னணியையும் வரைந்து முடித்துவிடுவார்கள், மணமக்கள் வந்தபின் உருவங்களை மட்டும் சேர்ப்பார்கள். அப்படியென்றால் அவர் வரும்போது அலங்காரம் முடிந்திருக்க வேண்டும். மேடைக்காரரின் நேரத்தை அதற்கேற்ப முன்னால் தள்ளுங்கள்.

அவர் நிற்கும் இடத்தில் கலர் விளக்கு விழக் கூடாது, ஒரு வெள்ளை விளக்கு தனியாக வேண்டும். பச்சை வெளிச்சத்தில் கலந்த வண்ணம் காலையில் என்ன நிறமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. நடைபாதையை ஒட்டி வைக்காதீர்கள், குழந்தைகள் கை வைப்பார்கள். வீடியோ எடுப்பவர் மேடைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள், இல்லையென்றால் இருவரும் மாறி மாறி மறைத்துக்கொள்வார்கள். எத்தனை முகம் அடையாளம் தெரிகிற மாதிரி வரைவார் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். பலர் மணமக்களை மட்டும்தான் அப்படி வரைவார்கள், மற்றவர்கள் வண்ணத் தீற்றல்தான். சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.